கிழவராக ஆடினாலும் முழங்கால் நம்முடையதுதான்

சால்சா ஆடிப் பழகிய சிலர் இப்போது கியூபாவின் ரும்பா நடனத்துக்கும், ஒரிஷா என்ற தெய்வங்களை ஆடிக்காட்டும் ஆட்டங்களுக்கும் தாவியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் முழங்கால் வீக்கத்தோடு பிசியோதெரபிக்கு என்னிடம் வந்து நிற்கிறார்கள். "வேகமே கிடையாது, பாதி நடிப்புதானே சார், எப்படி அடிபட்டது?" என்று கேட்பார்கள். அந்த நடிப்பில்தான் அடிபடுகிறது.

யாம்பூவை எடுத்துக்கொள்வோம். ரும்பா வகைகளில் நிதானமானது, மரப்பெட்டிகளைத் தட்டி ஆடுவது. ஆடுகிறவர்கள் வயதானவர்களாக மாறிவிடுவார்கள். முதுகு கூனும், கை இடுப்பைப் பிடிக்கும், கால் தயங்கித் தயங்கி நகரும். புதிதாகக் கற்பவர் கூனை மட்டும் பார்த்து, முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நடுமுதுகை வளைக்கிறார். தேர்ந்தவர்களின் காலைக் கவனியுங்கள். முழங்கால் தளர்ந்திருக்கும், மடிவது இடுப்பு மூட்டு, பாரம் தொடையில் நிற்கும். 1886-ல் கியூபாவில் அடிமைமுறை ஒழிந்த பிறகு ஹவானாவிலும் மத்தான்சாஸிலும் துறைமுகத் தொழிலாளர்களிடையே வளர்ந்த கலை இது. நாள் முழுக்கக் குனிந்து மூட்டை தூக்கிய உடம்புகள் அவை. நாற்காலியிலேயே பொழுதைக் கழிக்கும் நம் தொடைக்கு அந்தத் தெம்பு கிடையாது.

நான் அதிகம் கவலைப்படுவது பாபாலு ஆயே ஆட்டத்தைப் பற்றித்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் மரபில் வந்த இந்த ஒரிஷா நோய்க்கும் நோய் தீர்ப்பதற்கும் உரியவர். கியூபாவில் அவரைக் கிறிஸ்தவர்களின் புனித லாசரஸாகவும் வணங்குகிறார்கள். டிசம்பர் 17 அன்று ஹவானாவுக்கு அருகிலுள்ள எல் ரின்கோனுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், சிலர் மண்டியிட்டு ஊர்ந்தே. ஆடுபவர் உடல் குனிந்து, நொண்டி, புண்ணில் மொய்க்கும் ஈயை விரட்டுவார். எப்போதும் ஒரே காலில் நொண்டிப் பழகினால் பாரமெல்லாம் அடுத்த காலில் ஏறும். அந்தப் பக்க இடுப்பும் முழங்காலும் முதலில் முனகும். மேடையில் எந்தக் காலில் வேண்டுமானாலும் நொண்டுங்கள், பயிற்சியில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இதை ஆசிரியர்களே சொல்லிக்கொடுத்தால் என் வேலை பாதியாகிவிடும்.

ஓகுன் என்ற இன்னொரு ஒரிஷா வெட்டுக்கத்தியை வீசிக் காட்டுக்குள் வழி வெட்டுவார். தோளை மட்டும் வைத்து வீசாதீர்கள். வீச்சு காலில் தொடங்கி இடுப்பு வழியாகக் கைக்கு வரட்டும். கைப்பிடி இலேசாக இருக்கட்டும். கொலும்பியா என்ற ரும்பா வகையில் பட்டம் விடுவதும் பந்தடிப்பதும் அபிநயமாக வரும், கீன்ட்டோ மேளம் அதற்குப் பதில் சொல்லும், பார்க்கவே அழகு. அதில் திடீரென்று தரையில் விழுந்து எழும் அசைவுகளைச் சிமென்ட் தரையில் முயலாதீர்கள். மரத்தளமும் முழங்கால் உறையும் இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தப் பகுதியை விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

வகுப்புக்கு முன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்தால் தொடை சூடேறும். அப்புறம் ஆடுங்கள். ஆடிய மறுநாள் தசை வலிப்பது இயல்பு. மூட்டு வீங்கினாலோ, வலி இரவில் எழுப்பிவிட்டாலோ, காலில் மரமரப்பு இறங்கினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போகாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.