நாண் மாற்றும் முன் வில்லின் நுனியைப் பாருங்கள்

மரவில் வாங்க வருகிறவர்கள் கைப்பிடியைப் பார்ப்பார்கள், மரத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள், எத்தனை பவுண்டு என்று கேட்பார்கள். நுனியை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் என் பட்டறைக்குப் பழுதாகி வருகிற நெடுவில்களில், நடுவில் ஒடிந்ததைவிட நுனியில் பிளந்தவைதான் அதிகம். அதிலும் பாதிக்கு மேல் நல்ல வில்கள். அம்பு இன்னும் வேகமாகப் போகட்டும் என்று நாணை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

காட்பாடி, வேலூர் வட்டாரத்தில் இப்போது மரவில் பழகுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கல்லூரிப் பசங்கள் ஆன்லைனில் வரவழைக்கிறார்கள். சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியார்கள் சிலர் வில்லையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வீடியோ பார்த்துத் தாங்களே செதுக்குகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அம்பை விட்டதும் வில்லின் இரண்டு கைகளும், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகளும், முன்னால் பாய்கின்றன. நாண் நேராகி விறைக்கிற கணத்தில் அவை சட்டென்று நிற்கின்றன. நிறுத்துவது, நுனியில் இருக்கும் குதையில், அதாவது நாண் உட்காருகிற பள்ளத்தில், மாட்டிய நாண் வளையம். நாற்பது பவுண்டு வில்லாயிற்றே, நுனிக்கும் அவ்வளவுதானே பாரம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கணத்தில் நாணின் இழுவை அதைத் தாண்டி எகிறும். நாற்பது பவுண்டு என்பது நீங்கள் இழுக்கும்போது விரலில் தெரிகிற கனம் மட்டுமே.

பழைய முறை டக்ரான் நாண், பி-50 என்று விற்பது, பாலியஸ்டர் நூல். கொஞ்சம் நீளும். அந்த நீட்சியே அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். 1980-களில் வந்த ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நாண்கள் பாலிஎத்திலீன் இழை. கிட்டத்தட்ட நீளவே நீளாது. அம்புக்குக் கொஞ்சம் வேகம் கூடும், உண்மைதான். ஆனால் டக்ரான் வாங்கிக்கொண்ட அடியை இனி நுனிதான் வாங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அந்த இழை வலுவானது என்பதால் குறைந்த இழைகளிலேயே நாணை முறுக்கிவிடுவார்கள். வளையம் மெலிதாகிவிடும். மெலிந்த, நீளாத வளையம் ஒவ்வொரு அம்புக்கும் மரத்துக்குள் ஒரு மயிரிழை இறங்கும்.

மரம் வலுவாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நீளவாக்கில் வலுதான். மரம், மூங்கில், வில்லின் மேல் ஒட்டுகிற கண்ணாடியிழைப் பட்டை, எல்லாவற்றிலும் நார் ஒரே திசையில்தான் ஓடுகிறது. நார் ஓடுகிற திசையில் இழுத்தால் அறாது, நார்களுக்கு நடுவே பிளந்தால் உடனே விட்டுக்கொடுக்கும். கூடை முடைகிறவர் மூங்கிலை எப்படிப் பிளக்கிறார் என்று பாருங்கள். நுனியில் ஒரு கீறல், அப்புறம் கத்தியை லேசாகத் திருப்புவது, அவ்வளவுதான். நாண் வளையம் குதையின் இரண்டு பக்கமும் அமுக்கிக் கீழே இழுக்கும்போது நடப்பதும் அதே வேலைதான். கண்ணாடியிழை ஒட்டிய வில் என்பதால் நுனி பத்திரம் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சமீபத்தில் ஒரு தம்பி வில்லைக் கொண்டுவந்து நாண் பள்ளத்தை மட்டும் கொஞ்சம் ஆழப்படுத்தித் தரச் சொன்னார். வளையம் நழுவுகிறதாம். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இடது பக்கக் குதையின் அடி விளிம்பிலிருந்து, வில்லின் உட்புறத்தை நோக்கி, பென்சிலால் கோடு போட்டதுபோல் ஒரு கறுப்பு இழை. அழுக்கு உள்ளே இறங்கியிருந்ததால்தான் கறுப்பு. அதாவது அது அன்று வந்த விரிசல் இல்லை. நகத்தை வைத்து அமுக்கினால் ஒரு பக்கம் மட்டும் லேசாக அசைந்தது. வலது குதை இடதைவிட ஆழம் குறைவு. அதனால் பாரம் முழுவதும் ஒரே பக்கம் விழுந்திருக்கிறது.

“இன்னாண்ணா, ஒரு கயிறு மாத்துனதுக்கா இப்படி?” என்றார்.

“கயிறு நல்ல கயிறுதான் தம்பி. நுனி அதுக்கு ஏத்த நுனி இல்லை.”

பள்ளத்தை ஆழப்படுத்தியிருந்தால் அடுத்த வாரமே நுனி பிய்ந்து நாண் முகத்துக்கு வந்திருக்கும். வில் கட்டிய நிலையில் நுனி போனால் மூன்று ஆபத்து: உடைந்த துண்டு, விடுபட்ட நாண், எதிர்ப்பக்கம் துள்ளுகிற வில்லின் கை. கண்ணாடி போடாமல் வில் பிடிக்கிறவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

சரி, நுனியை எப்படி வலுப்படுத்துவது?

தடிப்பாக விட்டுவிடலாமே என்பதுதான் முதலில் தோன்றும். அதுதான் தவறான வழி. வில்லில் மிக வேகமாக நகர்கிற பகுதி நுனிதான். சிலம்பக் கம்பின் முனையில் ஈரத்துணி சுற்றிச் சுழற்றிப் பாருங்கள், புரியும். நுனியில் கூடுகிற ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்தைத் தின்னும். கையில் உதறலாகத் திரும்பி வரும். அம்பு மந்தமாகப் போகிறது என்று வருகிற வில்களில் நாணைத் தொடாமல், தேவையில்லாத நுனி மரத்தைச் சீவினாலே ஆள் மகிழ்ந்து போவார். வீடியோவில் பாம்புத் தலை மாதிரி செதுக்கிய நுனிகளைக் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சுவரில் மாட்டலாம்.

ஆக, மெலிதாகவும் இருக்க வேண்டும், பிளக்கவும் கூடாது. இதற்குப் பழங்காலத்திலேயே கண்ட வழி, நார் ஓட்டம் இல்லாத அல்லது நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற பொருளை நுனியில் சேர்ப்பது. வில் நம் மண்ணுக்குப் புதிதல்ல. பழைய வடார்க்காட்டைச் சேர்ந்த செங்கம் பக்கத்து நடுகற்களில் வீரன் கையில் வில்லோடுதான் நிற்கிறான். ஆனால் மரமும் கொம்பும் மக்கிவிடும், கல்தான் மிஞ்சும். அதனால் பழைய நுனி வேலையைக் கண்ணால் பார்க்க ஓர் ஆங்கிலேயக் கப்பல்தான் கைகொடுக்கிறது. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலை 1982-இல் மேலே கொண்டுவந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர நெடுவில்கள் அதிலிருந்து கிடைத்தன. நுனி மரத்தைக் கூம்பாகச் சீவி அதன்மேல் மாட்டின் கொம்பைத் தொப்பிபோல் மாட்டியிருக்கிறார்கள். கொம்பு பெரும்பாலும் கடலில் அழிந்துவிட்டாலும் அது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் நிறம் மாறித் தெரிகிறது. நூறு பவுண்டைத் தாண்டிய வில்கள் அவை. அதனால்தான் அவர்கள் வெறும் மரத்தில் நாணை மாட்டவில்லை.

நமக்கு அவ்வளவு தேவையில்லை. நாற்பது, ஐம்பது பவுண்டு வில்லுக்கு நுனியின் முதுகில், அதாவது எய்கிறவரைப் பார்க்காமல் இலக்கைப் பார்த்த பக்கத்தில், மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டு இஞ்ச் நீளத்துக்கு ஒரு துண்டு ஒட்டினால் போதும். குதையை அந்தத் துண்டில் வெட்டிப் பக்கவாட்டில் இறக்கலாம். துண்டு இல்லாமல் வெறும் மூங்கிலின் முதுகில் குறுக்கே அரம் போடவே கூடாது. மேல்தோல் நார்தான் மூங்கிலின் உயிர். அதை அறுத்தால் அங்கிருந்து சிலும்பு எழும்பும். துண்டு ஒட்டாத வில்லில் குதை இரண்டு பக்கவாட்டிலும் மட்டும்தான் இருக்க வேண்டும், நுனியும் அரை இஞ்சுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

என்ன துண்டு? எருமைக் கொம்பு அருமையான பொருள். தேய்க்கும்போது நாற்றம் தாங்காது, வீட்டில் திட்டு விழும். நான் அதிகம் பயன்படுத்துவது எலக்ட்ரிக்கல் கடையில் பேனல் போர்டுக்கு விற்கிற ஹைலம் ஷீட். பேப்பர் ஹைலம் வேண்டாம், துணி ஹைலம் கேளுங்கள். உள்ளே நெய்த துணி இருப்பதால் நார் குறுக்கேயும் ஓடுகிறது. பிளவு அதில் வந்து நின்றுவிடும். தூசு நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க் போட்டு, ஈரம் தொட்டுத் தேயுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் மான் கொம்பை அறுத்து ஒட்டுவார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் கொம்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். காட்டில் தானாக உதிர்ந்து கிடந்ததுதானே என்று எடுத்துவந்தாலும் சிக்கல்தான். ஜவ்வாது மலை அடிவாரத்தில் கிடைத்தது என்று ஒருவர் பையில் கொண்டுவந்தார். பட்டறைக்குள்ளேயே விடவில்லை.

ஒட்டுவதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மூங்கில் தோலில் மெழுகுப் பசை இருக்கும், கொம்பில் எண்ணெய் இருக்கும். ஒட்டும் இடத்தை மட்டும் லேசாகச் சுரண்டி, முரட்டு உப்புத்தாள் போட்டு, அசிட்டோன் துணியால் துடையுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசை வேண்டாம். ஒரு நாள் எடுத்துக்கொள்கிற மெதுவான வகைதான் வேண்டும். கிளாம்ப் போட்டு நெரித்தால் பசை முழுக்க வெளியே வழிந்துவிடும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்துச் சுற்றுங்கள், அழுத்தம் சீராக வரும். அப்புறம், துண்டின் உள்முனை, கைப்பிடியைப் பார்த்த முனை, காகிதம்போல் மெலிந்து மறைய வேண்டும். அங்கே படிக்கட்டு மாதிரி விட்டால் வில் வளையும்போது அந்த இடத்திலிருந்துதான் துண்டு எழும்பும். பிரிந்து வருகிற ஒட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான்.

குதையை எலிவால் அரத்தால் சாய்வாக இறக்குங்கள், இரண்டு பக்கமும் ஒரே உயரம், ஒரே ஆழம். விளிம்பு எதுவும் கூர்மையாக இருக்கக்கூடாது. கூர்மையான விளிம்பு நாணை அறுக்கும். குதைக்குக் கீழே ஓர் இஞ்ச் நீளம் நூல் சுற்றி எபாக்சி தடவினால் ஏற்கெனவே தொடங்கிய பிளவுகூட மேற்கொண்டு ஓடாது. நைலான் போதும். எனக்கு ஆரணிப் பட்டு நூல் பிடிக்கும். இறுக்கிச் சுற்றலாம், பசையைக் குடிக்கும், பார்க்கவும் லட்சணம்.

நுனியைத் தொடவே விருப்பமில்லை, ஆனால் புது நாண்தான் வேண்டும் என்பவர்கள் வளையத்தில் கூடுதல் இழை சேர்த்துத் தடிப்பாக்கச் சொல்லுங்கள். பாதி ஆபத்து குறையும். வில் செய்தவர் இந்த நாண் போடலாம் என்று சொல்லாத வில்லுக்கு, குறிப்பாகப் பழைய வில்லுக்கு, டக்ரானே போதும். அம்பையும் மறக்காதீர்கள். வில்லின் ஒரு பவுண்டுக்கு அம்பின் எடை பத்து கிரெயின் என்பது நல்ல கணக்கு. நாற்பது பவுண்டுக்கு நானூறு கிரெயின், ஏறக்குறைய 26 கிராம். அம்பு இளைத்தால் மிச்ச வேகம் முழுக்க நுனிக்குத்தான். அம்பே இல்லாமல் நாணை இழுத்து விடுவது இன்னும் மோசம். கடையில் வில்லைக் கையில் எடுத்தவுடன் எல்லாரும் செய்வது அதைத்தான்.

நம் ஊர் வெயிலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண எபாக்சி ஐம்பது, அறுபது டிகிரியில் தளரத் தொடங்கும். கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். நாண் மாட்டிய வில்லை அப்படி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது ஒட்டுத்துண்டு ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். நாணைக் கழற்றி, துணியில் சுற்றி, கூடவே எடுத்துப் போங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே மாட்டுவதும் வேண்டாம்.

கீழ் நுனிக்கு இன்னொரு சங்கடம். சிமெண்டுத் தரையில் ஊன்றி நாண் மாட்டுகிறார்கள், ஈரப் புல்லில் நிறுத்தி வைக்கிறார்கள். ஆம்பூர்ப் பக்கம் தோல் வெட்டுத் துண்டு சுலபமாகக் கிடைக்கும். அதில் ஒரு சின்ன தொப்பி தைத்து மாட்டுங்கள். நாண் மாட்ட ஸ்ட்ரிங்கர் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். காலுக்கு நடுவில் வில்லை விட்டு முறுக்கி மாட்டுவது நுனியைத் திருகிவிடும்.

பழகத் தொடங்கும் முன் ஒரு பஞ்சுத் துண்டால் இரண்டு நுனியையும் துடையுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலும்பு எழும்புகிறது. குதையின் அடியில் டார்ச் அடித்துக் கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இழுக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் அம்பை விடாதீர்கள். மெதுவாகத் தளர்த்தி, நாணைக் கழற்றிவிட்டு, வில்லைச் செய்தவரிடமோ தெரிந்த ஆசாரியிடமோ காட்டுங்கள். விரிசலின் மேல் ஃபெவிகுவிக் சொட்டிவிட்டு வராதீர்கள். அது முதலில் ஆழத்தை மறைக்கிறது. அப்புறம் சரியான பசை உள்ளே இறங்க இடமில்லாமல் செய்கிறது. நான் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நல்ல மரமும் கொஞ்சம் போய்விடும்.