கேட்காமலே கொடுக்கப்படும் செயற்கை மார்பகம்: ஆட்ரி லார்டை முன்வைத்து

மார்பக நீக்க அறுவை சிகிச்சை முடிந்த பெண்களுக்கு ஆலோசனை வழங்கும் பணிக்குப் புதிதாக வருபவர்களிடம், மருத்துவப் பாடநூல்களுக்கு முன்பே ஒரு கவிஞரின் சிறிய நூலைப் படிக்கச் சொல்வது என் வழக்கம். 1980-ல் வெளிவந்த ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ என்னும் அந்த நூலை எழுதியவர், அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியக் கவிஞரும் ஆசிரியருமான ஆட்ரி லார்ட்.

கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1934-ல் நியூயார்க்கில் பிறந்த லார்ட், நூலகராகப் பணியாற்றியவர். முதல் கவிதைத் தொகுப்பு வெளியான 1968-ல், மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மாணவர்கள் பயின்ற டூகலூ கல்லூரிக்குக் கவிதை கற்பிக்கச் சென்றார். பின்னர், காவல் துறையினரும் மாணவர்களாக வந்து அமர்ந்த ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரியிலும், தாம் படித்த ஹண்டர் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்புப் பெண், தாய், போராளி, கவிஞர் என்றே எங்கும் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். கேட்பவரின் வசதிக்காக இவற்றில் ஒன்றைக்கூட விட்டுவிட அவர் சம்மதித்ததில்லை. நோய் வந்தபோதும் அவர் அப்படித்தான் இருந்தார்.

1977-ல் மார்பில் கண்ட கட்டி புற்றுநோய் இல்லை என்று தெரியவருவதற்குள் மூன்று வாரங்கள் வேதனையில் கழிந்தன. மரணத்தை அவ்வளவு அருகில் பார்த்த பிறகு, தாம் பேசாமல் விட்டவற்றுக்காகவே அதிகம் வருந்தியதாக அவ்வாண்டு டிசம்பரில் சிகாகோவில் ஆற்றிய உரையில் சொன்னார். அடுத்த ஆண்டே உண்மையான புற்றுநோய் வந்தது. 44 வயதில் ஒரு மார்பகம் அகற்றப்பட்டது.

மருத்துவமனையில் அவரைப் பார்க்க வந்த தன்னார்வலர், ஆட்டு ரோமம் அடைத்த மார்பக வடிவத் திண்டு ஒன்றைக் கொடுத்தார். அது வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. கறுப்பு நிறத்தவரும் இந்நோய்க்கு ஆளாவார்கள் என்பது அதைத் தயாரித்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கச் சென்றபோது, லார்ட் அழகான ஆப்பிரிக்க நெசவு மேலாடையும் புதிய தோல் காலணியும் அணிந்து, ஒரு காதில் மட்டும் பறவைத் தொங்கலை மாட்டியிருந்தார். செயற்கை மார்பகம் அணியாததைக் கவனித்த செவிலியர், இங்கு வரும்போதாவது எதையாவது வைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் இங்குள்ளவர்களின் மனம் தளரும் என்றார். அந்தச் செவிலியர் கெட்டவர் அல்லர், அக்கறையோடு பேசியவர்தான். எங்கள் வார்டுகளிலும் இதே அக்கறையை நான் அடிக்கடி கேட்கிறேன் என்பதாலேயே இந்த நிகழ்வு என்னை உறுத்துகிறது.

செயற்கை மார்பகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பக்கம் மட்டும் கனம் இருந்தால், சில பெண்களுக்குத் தோளும் கழுத்தும் வலிக்கும். புண் நன்றாக ஆறிய பிறகு அணியும் சிலிக்கான் வகை அவர்களுக்கு உண்மையாகவே உதவும். ஆனால் “வெளியில் யாருக்கும் தெரியாதும்மா, கவலைப்படாதீங்க” என்று முதல் நாளே நாம் சொல்லும்போது, தெரிந்தால் அவமானம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்டு வீடு திரும்பும் பெண், ரவிக்கைக்குள் பஞ்சை வைத்துத் தைத்துக்கொண்டு, முந்தானையை ஒரு கையால் பிடித்தபடியே மறுபரிசோதனைக்கு வருகிறார். வடுவைக் கண்ணாடியில் பார்த்தீர்களா என்று கேட்டால், தலையைக் குனிந்துகொள்கிறார்.

லார்டுக்கு 1984-ல் கல்லீரலுக்கும் நோய் பரவியது. திசுப் பரிசோதனை வேண்டாமென்று அப்போது அவர் எடுத்த முடிவை எந்த நோயாளிக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நிலையிலும் பெர்லினில் கற்பித்து, ஜெர்மனியின் கறுப்பினப் பெண்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதத் துணைநின்றார். 1991-ல் நியூயார்க் மாநிலக் கவிஞரானார். 1992 நவம்பரில் செயின்ட் குராய் தீவில் மறைந்தார்.

இழப்பைப் பார்க்கவும் அதற்காக அழவும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய அவகாசத்தை அவசரமாக மூடும் துணி பறித்துவிடுகிறது என்பதே லார்டின் வாதம். மருத்துவ நோக்கிலும் அது பொருத்தமானது. நோய் திரும்பும்போது சிலருக்கு வடுவின் ஓரத்திலேயே பயறு அளவில் ஒரு முடிச்சாகவோ சிவந்த தடிப்பாகவோ தோன்றலாம். ஆகவே செயற்கை மார்பகம் அணிபவரும் அணியாதவரும் மாதம் ஒருமுறையாவது நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பார்த்து, விரல்களால் தடவிப் பாருங்கள். புதிதாக எது தென்பட்டாலும், கையில் வீக்கம் கண்டாலும், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.