பாக்கியைக் கட்டினாலும் பதிவு போகாது

வீட்டுக்கடன் மறுக்கப்பட்டு, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எவ்வளவு கட்டினால் இது போகும் சார்?" என்பதுதான். அறிக்கையில் இருக்கும் தொகை ஆயிரமோ இரண்டாயிரமோ, சில சமயம் அதற்கும் கீழாகவோ இருக்கும். தொல்லை ஒழிந்தால் போதும், கட்டிவிடலாம் என்று பணத்தோடு வந்திருப்பார்கள். அவர்களிடம் நான் சொல்வது: இன்றைக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பாக்கித் தொகை வேறு, அறிக்கையில் ஏறிய பதிவு வேறு. பணம் கட்டினால் பாக்கி தீரும். பணம் கட்டத் தவறியவர் என்ற பதிவு அங்கேயே நிற்கும். அந்தப் பாக்கி உங்களுடையதே அல்ல என்றால், பணத்தைக் கட்டுவதன் மூலம் அதை ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும்.

நான் அடிக்கடி பார்க்கும் வகை ஒன்று உண்டு. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில், "வாழ்நாள் முழுக்க இலவசம்" என்று சொல்லி ஒரு கிரெடிட் கார்டைக் கொடுத்திருப்பார்கள். வாங்கியவர் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் அலமாரியில் போட்டிருப்பார். மறு ஆண்டு 500 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 590 ரூபாய் விழும். பில் பழைய முகவரிக்கோ, அவர் திறந்தே பார்க்காத மின்னஞ்சலுக்கோ போகும். தாமதக் கட்டணம், அதற்கு வட்டி, வட்டிக்கு வரி என்று ஏறி, சில ஆண்டுகளில் அது சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். கடைசியில் வங்கி அதை வாராக்கடனாகத் தள்ளி 'ரைட்டன் ஆஃப்' என்று பதிந்துவிடும். ஒரு பைசாகூடக் கடன் வாங்காத ஆசிரியர், பத்து ஆண்டுகள் கழித்து வீடு கட்டப் போகும்போதுதான் தன் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதை அறிகிறார். இந்த அநியாயத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை.

இருசக்கர வாகனக் கடனிலும் செல்போன் தவணையிலும் கதை வேறு விதம். எல்லாத் தவணையும் கட்டி முடிந்திருக்கும். நடுவில் ஒரு மாதம் கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பியதற்கான கட்டணம் மட்டும் நிலுவையில் நிற்கும். கடன் முடிந்ததென்று அவர் நினைப்பார். நிறுவனத்தின் கணக்கில் அது முடிந்திருக்காது. இன்னொரு வகை, கிராமத்துப் பெண்களின் குறுங்கடன். வாரா வாரம் வசூலுக்கு வந்த முகவரிடம் ரொக்கமாகக் கொடுத்திருப்பார்கள். அவர் அலுவலகத்தில் செலுத்தியிருக்க மாட்டார். 2022 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கியின் குறுங்கடன் விதிகளின்படி, கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் ஒரு கடன் அட்டை தரப்பட வேண்டும். பெற்ற ஒவ்வொரு தவணைக்கும், கடைசியில் கடன் தீர்ந்ததற்கும் அதில் ஒப்புகை இருக்க வேண்டும். அந்த அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். முகவர் கேட்டாலும் நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள்.

பெயர்க் குழப்பம் நம் ஊருக்கே உரியது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பான் அட்டையில் தந்தை பெயர் விரிவாக இருக்கும், ஆதாரில் ஓரெழுத்தாக இருக்கும், வங்கிக் கணக்கில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். ஒரே வீட்டில் ஒரே இனிஷியலோடு அண்ணனும் தம்பியும் இருந்தால், அண்ணன் தவறவிட்ட தவணை தம்பியின் அறிக்கையில் வந்து உட்காருவதை நான் கண்டிருக்கிறேன். இது நீங்கள் வாங்காத கடன். பான் எண், பிறந்த தேதி இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினால், மற்ற வகைகளைவிட எளிதாகத் தீர்ந்துவிடும்.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) குறையாது. நான்கையும் எடுங்கள். 300 முதல் 900 வரையிலான அந்த மதிப்பெண்ணை முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. கணக்கின் நிலை என்ன, நிலுவை எவ்வளவு, கடன் உங்கள் பெயரிலா அல்லது நீங்கள் வெறும் ஜாமீன்தாரரா, கடைசியாகப் பணம் செலுத்திய தேதி எது என்று பாருங்கள். அதன் கீழே மாதவாரியாக ஒரு கட்டம் இருக்கும். கடந்த 36 மாதங்களில் தவணை எத்தனை நாள் தவறியது என்பதற்கான கணக்கு அது. 000 என்றால் தவறவில்லை. 030, 060, 090 என்று ஏறினால் அத்தனை நாள் தவறியது என்று பொருள். பெயரே கேள்விப்படாத நிறுவனம் ஒன்று கடன் கொடுத்ததாக இருந்தால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். உங்கள் பழைய கடனை வங்கி, வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருக்கலாம். அறிக்கையின் மேலே இருக்கும் கட்டுப்பாட்டு எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு அது வேண்டும்.

பாக்கி உண்மையிலேயே உங்களுடையது, தவணை தவறியதும் உண்மை என்றால், அதை மறுத்துப் புகார் கொடுக்காதீர்கள். முழுத் தொகையையும் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கி, கணக்கு மூடப்பட்டதாக அறிக்கையில் மாறுகிறதா என்று பாருங்கள். வசூல் முகவர், "பாதி கட்டுங்கள், செட்டில் செய்துவிடலாம்" என்பார். சிறு தொகைக்கு அந்தச் சலுகை வேண்டவே வேண்டாம். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், 'செட்டில்டு' என்ற பதிவைச் சம்பாதித்துக்கொள்வீர்கள். அடுத்த வங்கி அதை, முழுப் பணத்தையும் கட்டாதவர் என்றுதான் படிக்கும்.

பதிவு தவறு என்றால் மட்டுமே தகராறு. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, பதிவைத் திருத்தக் கோரும் உரிமையை நமக்குத் தருகிறது. 30 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் கடன் கொடுத்த நிறுவனம் உறுதி செய்யாமல் சிபில் தானாக எதையும் மாற்ற முடியாது. அதனால்தான், சிபிலுக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு, "வங்கி இந்தத் தகவலை உறுதி செய்துள்ளது" என்ற ஒரு வரிப் பதில் வந்து சேர்கிறது. இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் போங்கள். கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் புகாரைப் பதியுங்கள். வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் கடிதம் அனுப்புங்கள். கிளைக்குப் போய் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது புகார் ஆகாது. அங்கே உங்களுக்குத் தெரிந்த மேலாளர் இருந்தாலும் கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள்.

கடிதத்தில் கோபம் வேண்டாம், கேள்விகள் இருக்கட்டும். நான் கையெழுத்திட்ட விண்ணப்பம் எங்கே? கார்டை இயக்கத்துக்குக் கொண்டுவர நான் ஒப்புதல் தந்த ஓ.டி.பி. பதிவு எங்கே? பணம் கட்டத் தவறியவர் என்று அனுப்பும் முன் எனக்குத் தந்த அறிவிப்பின் நகல் எங்கே? கணக்கு தொடங்கிய நாள் முதலான முழு விவரப் பட்டியல் எங்கே? கேட்காதவருக்கு கார்டு தரக்கூடாது. இயக்கத்துக்கு வராத புதிய கார்டைப் பற்றிக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பக்கூடாது. பணம் கட்டத் தவறியவர் என்று அனுப்பும் முன் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தகராறு நிலுவையில் இருக்கும்போது அப்படி அனுப்பக்கூடாது. இவ்வளவும் 2022-இல் ரிசர்வ் வங்கி கார்டு நிறுவனங்களுக்கு விதித்தவை. அந்த ஆவணங்களைக் காட்ட முடியாத வங்கி பெரும்பாலும் இறங்கி வந்துவிடுகிறது.

அது இறங்கி வரும் இடத்தில்தான் இன்னும் கவனம் வேண்டும். வங்கி கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, நிலுவையைப் பூஜ்யமாக்கி, "பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று கடிதம் அனுப்பும். வாடிக்கையாளர் மகிழ்ந்து போவார். அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தால், கணக்கு மூடப்பட்டிருக்கும். கீழே உள்ள கட்டத்தில் 090, 120, 150 என்ற எண்கள் அப்படியே இருக்கும். அடுத்த கடன் அதிகாரி பார்க்கப் போவது அந்தக் கட்டத்தைத்தான். ஆகவே கடிதத்திலேயே தெளிவாகக் கேளுங்கள்: கணக்கின் நிலை மாற வேண்டும், வாராக்கடன் தொகை நீங்க வேண்டும், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரையிலான தவறிய நாட்களின் கணக்கு திருத்தப்பட வேண்டும், இந்தத் திருத்தம் நான்கு நிறுவனங்களுக்கும் போக வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் வேலை பாதிதான் முடிந்தது.

பாக்கி உங்களுடையது அல்ல, ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் புதிய கடனுக்கான கெடு நெருங்குகிறது, காத்திருக்க வழியில்லை என்றால் கட்டலாம். கட்டும் முன், "இந்தப் பாக்கியை நான் ஏற்கவில்லை, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் மறுப்புடன் செலுத்துகிறேன்" என்று எழுத்தில் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள்.

இனி நாட்களின் கணக்கு. 2023 அக்டோபர் 26 அன்று ரிசர்வ் வங்கி பிறப்பித்து, 2024 ஏப்ரல் இறுதியில் நடப்புக்கு வந்த ஏற்பாட்டின்படி, புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். வங்கி தன் திருத்தத்தை 21 நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் இழப்பீடு அதன் தலையில். வங்கி அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் 30 நாளுக்குள் முடிக்காவிட்டால் அந்த நிறுவனத்தின் தலையில். திருத்த மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற தகராறுக்கு இந்த இழப்பீடு இல்லை. நூறு ரூபாய் சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் கேட்டுப் பெறுங்கள். உங்கள் கோப்பைத் தினமும் செலவு வைக்கும் கோப்பாக மாற்றும் ஒரே கருவி அதுதான்.

பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் நியாயம் இல்லாவிட்டாலோ, 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். அங்கே உங்களுக்காக வழக்கறிஞர் புகார் கொடுக்க முடியாது. நீங்களே கொடுக்க வேண்டும், அல்லது வழக்கறிஞர் அல்லாத ஒருவரை அதிகாரம் கொடுத்து அனுப்ப வேண்டும். எனவே இந்தக் கட்டத்தில் யாராவது வழக்கறிஞர் பெரிய கட்டணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தைக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். அதனால் முதலில் இங்கே, பிறகு தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

ஏழு ஆண்டு பொறுத்தால் பதிவு தானாக அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதே விதி. அதற்குப் பிறகு கட்டாயம் அழிக்க வேண்டும் என்பதல்ல. "சிபில் கிளியர் செய்து தருகிறோம்" என்று மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்களுக்குப் பணம் கொடுத்தவர்களும் என்னிடம் வருகிறார்கள். அந்த ஆட்கள் செய்வது, நீங்கள் இலவசமாகக் கொடுக்கக்கூடிய அதே இணையப் புகார்தான். சிலர் அதற்காக உங்கள் ஓ.டி.பி.யையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்களுக்கு இரண்டு தீர்ப்புகளைச் சொல்வேன். 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு மாணவரின் பழைய கடனில் நிலுவை 16,667 ரூபாய். இன்னொரு கடன் வாராக்கடனாகத் தள்ளப்பட்டிருந்தது. அதைக் காட்டி வங்கி கல்விக்கடனை மறுத்தது. குறைந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது வேறு. பாரத ஸ்டேட் வங்கியில் வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், அவருடைய கடன் அறிக்கையில் இருந்த பாதகமான பதிவுகளால் ரத்தானது. கடன்களையெல்லாம் கட்டி முடித்துவிட்டதாக அவர் வாதிட்டார். வங்கியின் முடிவில் தலையிட நீதிமன்றம் மறுத்துவிட்டது. கட்டி முடித்த கடனின் பழைய பதிவு ஒரு வேலையையே பறித்த வழக்கு அது. நம் பிள்ளைகள் வங்கித் தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள். அவர்கள் படிக்கும் காலத்திலேயே செல்போன் செயலியில் வாங்கும் சில்லறைக் கடனும் இந்த அறிக்கையில் ஏறுகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

தவணை தவறியதாகத் தகவல் அனுப்பும்போது உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்ற விதியும் இப்போது இருக்கிறது. செல்போன் எண்ணை மாற்றியவர்களுக்கு அது வந்து சேராது. பழைய கடன், பழைய கார்டு எல்லாவற்றிலும் இப்போதைய எண் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

திருத்தம் வந்த பிறகும் அடுத்த இரண்டு மூன்று மாதங்கள் அறிக்கையைக் கவனியுங்கள். வங்கிகள் குறிப்பிட்ட இடைவெளியில் தகவலை மொத்தமாக அனுப்புகின்றன. வங்கியின் சொந்தக் கணினியில் பிழை திருத்தப்படாமல் இருந்தால், அடுத்த முறை அனுப்பும்போது பழைய பதிவே திரும்ப வந்து உட்காரும். அப்படி வந்தால், திருத்தியதாக அவர்கள் கொடுத்த கடிதத்தையே இணைத்துப் புதிய புகார் கொடுங்கள். 30 நாள் கணக்கு அன்றிலிருந்து மறுபடி ஓடும்.