சட்டம் கைகாட்டும் எதிரி

2011 ஜனவரி 4 அன்று பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண ஆளுநர் சல்மான் தசீர் இஸ்லாமாபாத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மும்தாஜ் காத்ரி, ஆளுநரின் பாதுகாப்புக்கு அமர்த்தப்பட்டிருந்த காவலர். மதநிந்தனை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண்ணுக்காகப் பேசியவர் தசீர். அந்தச் சட்டத்தையும் குறை சொல்லியிருந்தார். காத்ரியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது வழக்கறிஞர்கள் சிலர் ரோஜா இதழ் தூவி வரவேற்றார்கள். சட்டம் படித்தவர்கள்! இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

மதத்தின் பெயரால் நடக்கும் இத்தகைய வன்முறைக்கு மதத்துக்குள்ளேயே காரணம் தேடுவது பலருடைய வழக்கம். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளுக்கிடையே பயங்கரவாதத்தின் அளவு மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. அதனால் அரசு மதத்தை எப்படிக் கையாளுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

பாகிஸ்தானில் 1974-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, தங்களை முஸ்லிம்களாகவே கருதும் அஹ்மதியா பிரிவினர் முஸ்லிம்கள் அல்ல என்றார்கள். 1984-இல் ஜெனரல் ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சி, அவர்கள் தங்கள் தொழுகை இடத்தைப் பள்ளிவாசல் என்று அழைத்தாலோ பாங்கு சொன்னாலோ மூன்று ஆண்டு வரை சிறை என்றது. 1986-இல் நபியை இழிவுபடுத்துவோருக்கு மரண தண்டனை வரை விதிக்கும் பிரிவு வந்தது. யார் உண்மையான முஸ்லிம் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அரசு எடுத்துக்கொண்டது. அப்புறம் துப்பாக்கி ஏந்துகிறவன் தன்னைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. அரசு பாதியில் விட்ட வேலையை முடிப்பதாக நினைக்கிறான். மாற்றுக் கருத்துள்ள மார்க்க அறிஞர்கள் உயிருக்குப் பயந்து வாயை மூடுகிறார்கள். கடும்போக்காளர் குரல் மட்டும் மிஞ்சுகிறது. 2010 மே 28 அன்று லாகூரில் அஹ்மதியாக்களின் இரண்டு தொழுகை இடங்களில் 80-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஆப்கன் போருக்காக 1980-களில் வந்து குவிந்த பணமும் ஆயுதமும் இந்த நெருப்புக்கு எண்ணெய்.

சரி, மதத்தையே ஒடுக்கிவிட்டால்? மத்திய ஆசிய நாடான உஸ்பெகிஸ்தானில் அதிபர் கரிமோவ் அதைத்தான் செய்தார். பதிவு செய்யாத பள்ளிவாசல்களை மூடினார், ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் தள்ளினார். ஃபெர்கானா பள்ளத்தாக்கில் வெளிப்படையாக இயங்கிய ஓர் இஸ்லாமிய இயக்கத்தை 1992-இல் நசுக்கினார்கள். அதன் தலைவர்கள் எல்லை தாண்டி, பின்னர் ஆப்கானிஸ்தானில் தளம் அமைத்த உஸ்பெகிஸ்தான் இஸ்லாமிய இயக்கம் என்ற ஆயுதக் குழுவைக் கட்டினார்கள். பேச இடமில்லாதபோது, தலைமறைவுக் குழுக்களில் துணிந்தவன் கை ஓங்குகிறது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகல் வேறு வழியில் போனது. மக்களில் 90 சதவீதத்துக்கும் மேல் முஸ்லிம்கள். ஆனால் 1960-இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் முதல் அதிபர் செங்கோர் ஒரு கத்தோலிக்கர், 20 ஆண்டு ஆண்டார். அரசியல் சட்டம் மதச்சார்பற்றது. ஆனால் அரசு மதத்தை விரட்டவில்லை. திஜானி, முரீது என்ற தரீக்காக்களின் (சூஃபி ஆன்மிக வழிகளின்) ஷைகுகளிடம், அதாவது குருமார்களிடம், தலைவர்கள் போய் ஆசி பெறுகிறார்கள். மக்களுக்கு நெருக்கமான இந்த ஷைகுகள் இருக்க, வெளியிலிருந்து வரும் வன்முறைப் பேச்சுக்குக் காது கொடுப்பவர் குறைவு.

பக்கத்து நாடான மாலியின் அரசியல் சட்டமும் மதச்சார்பற்றதுதான், அங்கும் சூஃபி மரபு ஆழமானது. இருந்தும் 2012-இல் ஆயுதக் குழுக்கள் வடக்கைப் பிடித்து, திம்புக்து நகரின் இறைநேசர் அடக்கத்தலங்களை இடித்தன. அங்கே துவாரெக் என்ற பாலைவன இனத்தவரின் கிளர்ச்சி, லிபியாவிலிருந்து வந்த ஆயுதம், தலைநகரில் ராணுவப் புரட்சி மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தன. பாலைவன ஊர்களில் அரசே இல்லாமல் போயிருந்தது.