உள்ளங்கை அளவு ராமாயணம்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் வழியில், பசுபதிகோயிலை ஒட்டி இருக்கிறது புள்ளமங்கை. அங்குள்ள சிவன் கோயில்தான் சம்பந்தர் பாடிய ஆலந்துறை. இப்போதுள்ள கற்றளி, அதாவது கற்கோயில், முதலாம் பராந்தக சோழன் காலத்தது. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வருகிறவர்கள் வடக்குச் சுவரில், குடையின் கீழ் எருமைத்தலை மேல் நிற்கும் துர்க்கையைப் பார்த்து வாயடைத்துப் போவார்கள். நான் கூட்டிப் போகிறவர்களைக் கொஞ்சம் குனியச் சொல்வேன்.

சுவருக்குக் கீழே கோயிலைத் தாங்கி நிற்கும் அடிப்பகுதியான தாங்குதளத்தில் வரிசையாகக் குறுஞ்சிற்பங்கள். ராமாயணக் காட்சிகள், சிவனின் பல கோலங்கள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் மூடிவிடலாம். முகம் சுண்டைக்காய் அளவு, மூக்கு அரிசி அளவு. கருங்கல்லில் இதைச் செதுக்கியிருக்கிறார்கள்!

கற்கோயில் பராமரிப்புதான் என் தொழில். அதனால் அந்த அரிசி அளவு மூக்கை நினைத்துத்தான் எனக்குப் பயம். வேறோர் ஊரில் திருப்பணி முடிந்த கோயிலுக்குப் போயிருந்தேன். கம்ப்ரசர் வைத்து மணலைப் பீய்ச்சி அடித்துச் சுவரைச் சுத்தம் செய்திருந்தார்கள். குறுஞ்சிற்பங்களில் உருவம் இருந்தது, கண் இல்லை, உதடு இல்லை. தடவிப் பார்த்தேன், உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. "பளிச்சுன்னு ஆயிடுச்சு பாருங்க" என்றார் ஊர்ப் பெரியவர். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. பாசத்தில்தான் செய்திருக்கிறார்.

மணல் அழுக்கை மட்டும் எடுக்காது. சிற்பி இழைத்துவிட்ட மேற்பரப்பையும் கொண்டுபோய்விடும். அதனால் விழும் சின்னச் சின்னக் குழிகளில் ஈரம் தங்கும், அழுக்கும் பாசியும் முன்பைவிடச் சீக்கிரம் பிடிக்கும். ஆசிட், கம்பி பிரஷ் இரண்டும் வேண்டவே வேண்டாம். பழைய சுண்ணாம்புப் பூச்சா? அது கல்லுக்குக் கெடுதல் செய்யவில்லை, பொறுமையாக எடுக்கலாம். எண்ணெய்ப் பிசுக்குக்குக் காகிதக் கூழைப் பற்றுப் போட்டு உறிஞ்ச வைக்கிற முறை உண்டு. ஒரு சதுர அடிக்கே நாள் கணக்கில் ஆகும், ஆகட்டும்.

சிமென்ட் பூச்சும் மணல் அடிப்பது போலக் கெடுதல்தான். ஈரத்தை வெளியே விடாது. அதிலுள்ள உப்பு கல்லுக்குள் இறங்கிப் படிகமாகி, மேல்தோலைச் செதில் செதிலாக உரித்துவிடும். அப்புறம் பிராகாரத்தில் டைல்ஸ் ஒட்டித் தரையை உயர்த்துவது. தாங்குதளத்தின் அடிவரிசையும் அதிலுள்ள கல்வெட்டு வரிகளும் அதோடு மண்ணுக்குள் போய்விடும்.

உங்கள் ஊரில் திருப்பணி தொடங்கப் போகிறார்கள் என்றால், சாரம் கட்டும் முன்பே தாங்குதளத்தைச் சுற்றிலும் படம் எடுத்து வையுங்கள். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ எடுங்கள். அந்த வெளிச்சத்தில்தான் மூக்கும் விரலும் தெரியும்.