மெயின்டெய்னர்: பராமரிப்பாளரா, பேணுநரா?

ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் திறந்துவைக்கப்பட்ட நிரல் தொகுப்பை, எழுதியவரே அதன் மெயின்டெய்னராக இருக்க வேண்டும் என்பதில்லை. எழுதியவர் எப்போதோ விலகியிருக்கலாம். ஊர்பேர் தெரியாதவர்கள் அனுப்பும் திருத்தங்களை வரிவரியாகப் படித்து, சேர்ப்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவுசெய்து, அடுத்த பதிப்பை வெளியிடும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் மெயின்டெய்னர். பலருக்கு இதற்குச் சம்பளமும் கிடையாது.

சொல்லின் வேர் லத்தீன். மனுஸ் என்றால் கை, தெனேரே என்றால் பிடித்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் 'இப்போது' என்று பொருள்படும் மன்த்னான் இதற்கு உடன்பிறப்பு. நாம் 'வந்த கையோடு' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

சரி, தமிழில்? பலரும் பராமரிப்பாளர் என்று எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் பராமரிப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக மின்தடை' என்ற அறிவிப்புதான். ஒருநாள் நிறுத்திப் பழுது பார்த்துவிட்டு அப்புறம் மறந்துபோகும் வேலை. காப்பாளர் என்றால் விடுதி வார்டன் வந்து நிற்கிறார். என் தேர்வு பேணுநர். பேணுவதில் விடுமுறை கிடையாது. உடல்நலத்தைப் பேணுகிறோம், நட்பையும் பேணுகிறோம். ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் வரிசையில் இலக்கணமாகவும் பொருந்துகிறது. 'பேணுனர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சொல்லில் இருக்கும் அந்தப் 'பிடி' எவ்வளவு பெரியது என்பது எக்ஸ்இசட் யூட்டில்ஸ் விவகாரத்தில் தெரிந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில் பரவலாக இருக்கும் கோப்புச் சுருக்க மென்பொருள் அது. நெடுங்காலம் ஒற்றை ஆள், ஓய்வு நேரத்தில் பேணிவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, தானும் பேணுநரானார். 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வழி ஒன்று ஒளிந்திருந்தது. தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் செல்ல உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். திருடன் பூட்டை உடைக்கவில்லை, சாவியை முறைப்படி கேட்டு வாங்கியிருந்தான்!

எல்லா இடத்திலும் பிடி ஒரே கையில் இருப்பதில்லை. பைத்தான் என்ற நிரல்மொழியைத் தொடங்கிய குய்டோ வான் ராசம் 2018இல் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு முதல் ஐந்து பேர் கொண்ட, தேர்ந்தெடுக்கப்பட்ட குழு அதைச் செய்கிறது. இவர்களைப் பேணுநர் என்பதைவிட வழிநடத்துநர் குழு என்பதே பொருந்தும்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஒரு மென்பொருள் தொகுப்பின் பேணுநர் விலகிவிட்டால் அதை 'அநாதை' என்று பட்டியலிடுகிறார்கள். வேறொருவர் ஏற்றுக்கொண்டால் 'தத்தெடுத்தார்' என்கிறார்கள். அநாதைக்குத் தமிழில் 'கைவிடப்பட்டது' என்று போட்டுப் பாருங்கள். லத்தீன் வேரிலிருந்த கை தானாகவே உள்ளே வந்துவிடுகிறது.