மூளையில் எந்த இடம் அடிபட்டது என்று கேளுங்கள்

பக்கவாதம் வந்து பத்து நாளான பெரியவர் அவர். விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா என்று பார்க்க, சாப்பாட்டு நேரத்தில் வார்டுக்குப் போயிருந்தேன். தட்டில் மூன்று இட்லி. வலப்பக்கம் இருந்த ஒன்றரையைச் சாப்பிட்டுவிட்டு, "முடிஞ்சிருச்சும்மா" என்றார். "ஆசையா செஞ்சு எடுத்துட்டு வந்தேன், பாதியை ஒதுக்கிட்டார் பாருங்க, இப்பெல்லாம் எதுக்கெடுத்தாலும் பிடிவாதம்" என்று மகளுக்குக் கோபம். நான் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தேன். "அட, இன்னும் இருக்கா" என்று மிச்சத்தையும் சாப்பிட்டார்.

பிடிவாதமும் இல்லை, கண்பார்வைக் கோளாறும் இல்லை. உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால், மூளையின் வலப்பக்கத்தில் இருக்கும் பெரைட்டல் பகுதி அடிபட்டால் இடப்பக்க உலகம் கவனத்துக்கே வராமல் போய்விடலாம். பாதி முகத்துக்கு மட்டும் சவரம் செய்வார்கள், சக்கர நாற்காலியை இடப்பக்கக் கதவுநிலையில் இடிப்பார்கள்.

சிங்கப்பூரில் பேச்சுச் சிகிச்சையாளராக வேலை பார்க்கும் என்னிடம் குடும்பங்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை, "மூளை குழம்பிப்போச்சு". ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான அந்த உறுப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு வேலை உண்டு. பார்வை பின்பக்கம், நடையின் சமநிலை கீழே சிறுமூளையில், பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கம். ஓரிடத்தில் ரத்த ஓட்டம் நின்றால் அந்த இடத்து வேலைதான் கெடும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம்.

1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். மற்றவர் சொல்வது பெரும்பாலும் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் 'டான்' என்ற ஒரே ஒலிதான். அவர் இறந்தபின் பார்த்தால், மூளையின் இடது முன்பகுதியில் சிதைவு. இன்றும் அந்த இடத்துக்குப் புரோக்கா பெயர்தான்.

நான் பார்த்த ஓர் அம்மாவுக்கு (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்) மிஞ்சியது 'அதான்' என்ற ஒரு சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், வலித்தாலும் அதான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்து, வீட்டை விற்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் அவர் கட்டிலருகிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைக் காட்டுங்கள் என்றேன், காட்டினார். சின்ன மகனைக் காட்டுங்கள் என்றேன், அவனைக் காட்டிவிட்டு அழுதார். அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார். அப்புறம் நான் "ஒன்று, இரண்டு" என்று தொடங்கியதும் பத்துவரை கூடவே எண்ணினார், பேரனுக்குப் பாடிய தாலாட்டை வார்த்தையோடு பாடினார். பழகிப்போன வரிசைகளும் மெட்டோடு வரும் சொற்களும் பல நேரம் இப்படித் தப்பிவிடுகின்றன, சிகிச்சையை அங்கிருந்தே தொடங்கலாம்.

இப்படிப் பேச்சு இழந்தவரின் காதுக்கருகில் போய்க் கத்தாதீர்கள், கேட்பதில் குறையில்லை. டிவியை அணைத்துவிட்டு, "கோப்பியா, தேத்தண்ணியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு இரண்டு கோப்பையையும் காட்டுங்கள். பத்து விநாடி பொறுங்கள். அவருக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கும்போது எந்தப் பகுதி அடிபட்டது, அதனால் எதெல்லாம் சிரமமாகும் என்று தயங்காமல் கேளுங்கள். தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் வராது.

யாருக்காவது திடீரென முகம் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் உடனே 995-ஐ (சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்) அழையுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதுவும் எல்லாருக்கும் பொருந்தாது. தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.